நடந்து போன ஆச்சி நடந்தே வரட்டும்

மும்பையில் ட்ராம்பே பக்கம் சீத்தா கேம்ப் இருக்கிறது. அங்கே ஒரு சந்து. சந்தில் ஒரு வீடு. நீளம் 15 அடி, அகலம் 10 அடி. மேலே ஒரு சின்ன மாடி. மாடிக்கு ஏற இரும்பு ஏணி.

அந்த வீட்டில் ஒரு ஆச்சி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட ஆச்சிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஆச்சிக்கு வயது 74. விடியும் முன்பே எழுந்துவிடுவார். சந்தின் கடைசியில் பொதுக் கழிப்பறை இருக்கிறது. கூட்டம் சேரும் முன் அங்கே போய் வந்துவிடுவார். தானே குளிப்பார். பால் வாங்கி வருவார். பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவார். பூண்டு உரிப்பார், கீரை ஆய்வார். மருமகள் செம்பூரில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்கிறார். ஆச்சி வீட்டில் இருக்கும் தைரியத்தில்தான் மருமகள் வேலைக்குப் போகிறார்.

ஒரு மழைக்காலத்தில் ஆச்சிக்குக் காய்ச்சல் வந்தது. இருமல், மூச்சு வாங்கல். நுரையீரலில் சளி கட்டிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரிக்ஷாவில் இருந்து இறங்கி, மகன் கையைப் பிடித்துக்கொண்டு ஆச்சி நடந்தேதான் உள்ளே போனார்.

11 நாள் படுக்கையில் இருந்தார். நல்ல மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது. மூச்சு சரியானது. “நோய் தீர்ந்தது, கூட்டிப் போகலாம்” என்றார் டாக்டர்.

ஆனால் ஆச்சியால் எழுந்து நிற்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கித்தான் வண்டியில் ஏற்றினார்கள். சந்துக்குள் வண்டி வராது. அங்கிருந்து நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள்.

நோய் போய்விட்டது. நடை ஏன் போனது?

இதைத்தான் நாம் இங்கே தெரிந்துகொள்ளப் போகிறோம்.

படுக்கை செய்யும் வேலை

உடம்பு சரியில்லை என்றால் படுக்க வேண்டும். இது நமக்குத் தெரியும். ஆனால் படுக்கையும் உடம்பைக் கெடுக்கும். இது பலருக்குத் தெரியாது.

ஒரு தையல் மெஷினை நினைத்துப் பாருங்கள். தினமும் ஓடினால் நன்றாக ஓடும். ஒரு மாதம் மூடி வைத்தால் இறுகிப் போகும். நம் காலும் அப்படித்தான். நடந்தால்தான் கால் சதைக்குப் பலம். நடக்காவிட்டால் சதை கரையும்.

இளம் வயதில் சதை நிறைய இருக்கும். கொஞ்சம் கரைந்தாலும் தெரியாது. போனது சீக்கிரம் திரும்ப வரும். வயதானவரிடம் சதை முன்பே குறைந்துதான் இருக்கும். அதிலும் கொஞ்சம் போனால் எழுந்து நிற்கவே போதாது. போனது திரும்பி வரவும் நாள் ஆகும்.

அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சோதனையின் முடிவு 2007ஆம் ஆண்டு வெளிவந்தது. நல்ல உடல்நலம் உள்ள சில முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு நோய் எதுவும் இல்லை. நல்ல சாப்பாடும் கொடுத்தார்கள். 10 நாள் முடிந்ததும் அளந்து பார்த்தார்கள். அவர்கள் கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ சதை குறைந்திருந்தது.

நோய் இல்லாதவருக்கே இப்படி. காய்ச்சலும் இருமலும் சேர்ந்தால் என்ன ஆகும்? பசியும் இல்லாமல் போனால் என்ன ஆகும்?

இன்னொரு கணக்கும் அங்கே எடுத்தார்கள். 70 வயதுக்கு மேற்பட்டவர்கள் நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அவர்கள் நோய் வருவதற்கு முன் செய்துவந்த வேலைகள் எவை என்று குறித்தார்கள். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, எழுந்து நடப்பது, கழிப்பறைக்குப் போவது. வீட்டுக்குத் திரும்பும்போது மறுபடியும் பார்த்தார்கள். மூன்றில் ஒருவரால் இவற்றில் ஒரு வேலையையாவது முன்பு போலத் தானாகச் செய்ய முடியவில்லை.

ஆகவே ஆச்சிக்கு நடந்தது அபூர்வமான சங்கதி இல்லை. எல்லா நாட்டிலும் நடக்கிறது.

வார்டில் என்னென்ன நடக்கிறது?

ஆச்சியின் 11 நாளைப் பார்ப்போம்.

கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. “கையை ஆட்டாதீங்க, படுத்திருங்க” என்றார்கள். ஆச்சி படுத்தே இருந்தார்.

எழுந்து கழிப்பறைக்குப் போனால் விழுந்துவிடுவாரோ என்று பயம். அதனால் சிறுநீர் போகக் குழாய் போட்டு, பையை மாட்டிவிட்டார்கள். குழாய் இருந்ததால் எழுந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. குழாய் பல நாள் இருந்தால் அதன் வழியே கிருமியும் உள்ளே போகும். புதிதாகக் காய்ச்சல் வரும்.

மருமகள் பாசத்தோடு ஊட்டிவிட்டார். மகன் முகம் துடைத்துவிட்டார். “அம்மா, நீ பேசாம படு, நாங்க இருக்கோம்” என்றார். எல்லாம் அன்புதான். ஆனால் ஆச்சியின் கைக்கும் வேலை இல்லை, காலுக்கும் வேலை இல்லை.

வார்டில் இரவெல்லாம் விளக்கு எரியும். சத்தம் இருக்கும். தூக்கம் வராது. ஆஸ்பத்திரிச் சாப்பாடு பிடிக்கவில்லை. பல் செட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கண்ணாடியும் வீட்டில்தான். எதிரே வருவது யார் என்று தெரியவில்லை. டாக்டரும் சிஸ்டரும் இந்தியிலும் மராத்தியிலும் பேசினார்கள். ஆச்சிக்குக் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் இந்தி தெரியும்.

ஐந்தாம் நாள் ராத்திரி ஆச்சி உளற ஆரம்பித்தார். “ஜனதா காலனிக்குப் போகணும், வீட்டை இடிக்கிறாங்க” என்று கத்தினார். சலைன் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார்.

இந்த உளறலில் ஒரு பழைய கதை இருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் பக்கத்தில் ஜனதா காலனி இருந்தது. 1976 மே மாதம், நாட்டில் அவசரநிலை இருந்த காலம். அந்தக் காலனியை இடித்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களைச் சீத்தா கேம்ப்புக்கு மாற்றினார்கள். அன்று இது கடல் கழியை ஒட்டிய சதுப்பு நிலம். மக்கள் மண்ணும் கல்லும் கொட்டி மேடாக்கினார்கள். குடிசை போட்டார்கள். பிறகு செங்கல் வீடு கட்டினார்கள். அன்று 20, 25 வயதில் மண் சுமந்தவர்கள்தான் இன்று 70 வயதைத் தொட்டும் தாண்டியும் நிற்கிறார்கள்.

அந்தப் பழைய நாள்தான் ஆச்சியின் நினைவில் வந்தது.

“ஆச்சிக்குப் புத்தி பேதலித்துவிட்டது” என்றார் ஒருவர். “காற்று கறுப்பு பட்டிருக்கும்” என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை. இது திடீர்க் குழப்பம். வயதானவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது இது வருவது உண்டு. கிருமி, காய்ச்சல், தண்ணீர் குறைவு, மலச்சிக்கல், தூக்கமின்மை, சில மருந்துகள், இவற்றால் வரும். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்தால் பெரும்பாலும் குறையும். சிலருக்குக் குறைய நாள் பிடிக்கும். ஆனால் இதை உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். “நேற்று வரை நன்றாகப் பேசினார். இன்றுதான் இப்படி” என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அவர் எப்போதும் இப்படித்தான் என்று டாக்டர் நினைத்துவிடக் கூடாது.

முன்பே கண்டு சொன்னவர்கள்

படுக்கை ஆபத்து என்பது புதிய செய்தி இல்லை.

இங்கிலாந்தில் மார்ஜரி வாரன் என்று ஒரு பெண் டாக்டர் இருந்தார். லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். 1935ஆம் ஆண்டு பக்கத்து ஏழை விடுதியின் நோயாளிகளும் அவர் பொறுப்பில் வந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் வருடக் கணக்காகப் படுக்கையிலேயே கிடந்தார்கள். பலர் முதியவர்கள். “இவர்கள் இனி தேற மாட்டார்கள்” என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். வாரன் விடவில்லை. ஒவ்வொருவரையும் சோதித்தார். உட்கார வைத்தார். நிற்க வைத்தார். நடக்கப் பழக்கினார். பலர் எழுந்தார்கள். சிலர் வீட்டுக்கே திரும்பினார்கள். முதியோர் மருத்துவம் என்று தனியாக ஒரு துறை வளர இதுவும் ஒரு காரணம்.

1947ஆம் ஆண்டு ரிச்சர்டு ஆஷர் என்ற டாக்டர், படுக்கையின் ஆபத்துகளைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். டாக்டர்கள் அதை இன்றும் படிக்கிறார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் இந்த வேலை நடந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978ஆம் ஆண்டு முதியோருக்குத் தனிப் பிரிவு தொடங்கியது. அதற்கு முன்நின்றவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். 1996ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் மேல்படிப்பும் வந்தது. 2024ஆம் ஆண்டு கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை திறந்தார்கள்.

இவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். நோய் தீர்ந்ததா என்று மட்டும் கேட்டால் போதாது. தன் வேலையைத் தானே செய்ய முடிகிறதா என்றும் கேட்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நாம் செய்யக்கூடியவை

வார்டில் நோயாளிகள் நிறைய. சிஸ்டர்கள் கொஞ்சம். ஒவ்வொருவரையும் எழுப்பி நடத்த அவர்களுக்கு நேரம் இருக்காது. ஆனால் பக்கத்தில் நாம் இருக்கிறோம். நாம் செய்யலாம்.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். நோய் வரும் முன் அவர் என்னென்ன தானாகச் செய்தார்? நடந்தாரா, கம்பு பிடித்தாரா, தானே குளித்தாரா, கணக்கு நினைவு இருந்ததா? என்னென்ன மாத்திரை சாப்பிட்டார்? இதை எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். தமிழில் எழுதினால், தெரிந்தவர் ஒருவர் படித்துச் சொல்லட்டும். ஆச்சி எப்படி இருந்தார் என்று டாக்டருக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

கண்ணாடி, பல் செட், காது மெஷின், செருப்பு, கம்பு, இவற்றை முதல் நாளே கொண்டு போங்கள்.

டாக்டர் வரும்போது தினமும் கேளுங்கள்.

“இன்று உட்காரலாமா? நிற்கலாமா? நடக்கலாமா?”

“இந்தச் சிறுநீர்க் குழாய் இன்னும் வேண்டுமா?”

“சலைனை நிறுத்தி வாய் வழியாகக் கொடுக்கலாமா?”

இப்படிக் கேட்பது எதிர்த்துப் பேசுவது இல்லை. பணிவாகக் கேட்டால் பதில் கிடைக்கும். குழாயை மட்டும் நாமாக எடுக்கக் கூடாது.

டாக்டர் சரி என்றால் மெல்லத் தொடங்குங்கள். முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார வையுங்கள். சில நிமிடம் இருக்கட்டும். படுத்தே இருந்தவர் சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் இறங்கும், தலை சுற்றும். தலை சுற்றவில்லை என்றால் நிற்கட்டும். பிறகு இரண்டு அடி. அடுத்த வேளை நான்கு அடி. மறுநாள் வார்டு வாசல் வரை.

சாப்பாட்டை உட்கார்ந்தே சாப்பிடட்டும். படுத்தபடி ஊட்டினால் புரை ஏறும். தானே எடுத்துச் சாப்பிடட்டும். கொஞ்சம் சிந்தினால் சிந்தட்டும்.

பகலில் படுக்கையை விட்டு நாற்காலியில் உட்காரட்டும். இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள். தமிழ் பேசும் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பாதிக் குழப்பம் குறையும்.

எழுந்திருக்கவே முடியாதவரா? படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். முதுகு, இடுப்பு, குதிகால் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவப்புத்தான் படுக்கைப்புண்ணின் தொடக்கம்.

ஒன்றை மறக்க வேண்டாம். எலும்பு முறிவு, மாரடைப்பு, பக்கவாதம், ஆபரேஷன், இவை இருந்தால் டாக்டர் சொல்லாமல் எழுப்பக் கூடாது. எப்போது எழுப்பலாம் என்று கேட்டுச் செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வரும் முன் கேளுங்கள்

டிஸ்சார்ஜ் என்றதும் நமக்கு அவசரம் வந்துவிடும். பையைக் கட்டுவோம். வண்டி பிடிப்போம். கொஞ்சம் நில்லுங்கள். சில கேள்விகளைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

எந்த மாத்திரை புதிது? பழைய மாத்திரையில் எதை நிறுத்த வேண்டும்? தூக்க மாத்திரை இருக்கிறதா? தூக்க மாத்திரையால் தடுமாறி விழுபவர்கள் உண்டு.

என்ன உடற்பயிற்சி செய்ய வேண்டும்? சயான், கே.இ.எம். போன்ற பெரிய மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. பிசியோதெரபி என்றால் உடற்பயிற்சி மூலம் செய்யும் மருத்துவம். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியை அவர்கள் செய்து காட்டுவார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபடி என்று வர வேண்டும்? எந்த அறுகுறி தெரிந்தால் உடனே வர வேண்டும்?

டிஸ்சார்ஜ் கார்டையும் கேஸ் பேப்பரையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

சந்தில் இருக்கும் வீட்டில்

ஆச்சி வீட்டுக்கு வந்துவிட்டார். இனிமேல்தான் பெரிய வேலை. வீட்டுக்கு வந்த முதல் மாதம் முக்கியமானது. போன பலம் திரும்பி வர வேண்டிய காலம் அது. விட்டுவிட்டால் படுக்கையே நிரந்தரம் ஆகிவிடும்.

மேல் மாடி ஏணி வேண்டாம். கீழேயே படுக்கட்டும். தரையில் பாய் போட்டால் எழுவது கடினம். முழங்கால் உயரத்தில் கட்டிலோ உறுதியான பெஞ்சோ இருந்தால் எழுவது சுலபம்.

இப்போது கழிப்பறைப் பேச்சு. இதைப் பேச வெட்கப்பட வேண்டாம். வயதானவருக்கு இதுதான் மானப் பிரச்சினை. கழிப்பறைக்குப் போக இன்னொருவரைக் கூப்பிட வேண்டும் என்பதால் சிலர் தண்ணீர் குடிப்பதையே குறைக்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் மயக்கம் வரும், மலச்சிக்கல் வரும், சிறுநீரில் கிருமி வரும்.

மருந்துச் சாமான் கடைகளில் நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலி கிடைக்கிறது. அடியில் சட்டி வைத்துக்கொள்ளலாம். முதல் நாட்களுக்கு அது நல்லது. ராத்திரிக்கும் நல்லது. ஆனால் பகல் முழுக்க அதிலேயே பழக்கிவிடாதீர்கள். பலம் வந்ததும் பகலில் சந்துக் கழிப்பறைக்கு நடக்கட்டும். அந்த நடைதான் அவருக்கு மருந்து.

முதலில் வாசல் வரை. பிறகு பக்கத்து வீடு வரை. பிறகு கடைசி வரை. கூட ஒருவர் போகட்டும். கையில் கம்பு இருக்கட்டும். சந்தில் ஈரம் இருக்கும். சாக்கடை மூடிய கல் ஆடும். நீளப் புடவை தடுக்கும். வழுக்காத செருப்பு போடட்டும். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகட்டும்.

வீட்டில் ஒரு பயிற்சி செய்யலாம். ஆடாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உட்கார்ந்து எழட்டும், எழுந்து உட்காரட்டும். முதலில் மூன்று முறை. பழகப் பழக ஐந்து, எட்டு, பத்து. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை. பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நிறுத்திவிட வேண்டும்.

பயிற்சி மட்டும் போதாது. சதை வளரச் சாப்பாடு வேண்டும். காய்ச்சல் வந்தவருக்குக் கஞ்சியே போதும் என்று நினைக்கிறோம். கஞ்சி மட்டும் குடித்தால் சதை வளராது. பருப்பு, முட்டை, மீன், சுண்டல், வேர்க்கடலை, பால், தயிர், இவற்றில் முடிந்ததைத் தினமும் கொடுங்கள். மெல்ல முடியாவிட்டால் மசித்துக் கொடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும்.

சில அறிகுறிகள் தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. மறுபடியும் காய்ச்சல். மூச்சுத் திணறல். திடீர்க் குழப்பம். ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. சிறுநீர் போகாமல் இருப்பது. விழுந்து அடிபடுவது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

யார் பார்த்துக்கொள்வது?

ஆச்சி படுத்ததும் மருமகள் வேலைக்குப் போகவில்லை. பத்து நாள் பொறுத்த ஒரு வீட்டார் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். பாதி வருமானம் போனது. மருமகளுக்கு முதுகு வலி வந்தது. ஆச்சிக்கும் மனம் நொந்தது. “எல்லாருக்கும் பாரமாயிட்டேனே” என்று அழுதார்.

ஒருவர் படுத்தால் வீடே படுக்கிறது. ஆகவே பாரத்தைப் பிரித்துச் சுமக்க வேண்டும். முதியவரைப் பார்ப்பது மருமகள் வேலை, மகள் வேலை என்று விட்டுவிடக் கூடாது. மகனும் சட்டி கழுவலாம். மகனும் கை பிடித்து நடத்தலாம். பேத்தி மாலையில் நடையை எண்ணலாம். பக்கத்து வீட்டார் பகலில் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளலாம். எந்த நேரம் யார் என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் சண்டை குறையும்.

“ஊருக்கு அனுப்பிவிடலாம்” என்று சிலர் நினைப்பார்கள். அங்கே கூட இருந்து பார்க்க ஆள் இருந்தால் அனுப்பலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் மாதம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. அதில் வீட்டுக்கே வந்து மருந்து தருகிறார்கள். பிசியோதெரபியும் உண்டு. ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். ஆனால் ஆச்சியைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது. 1976 முதல் அவர் வாழ்ந்த இடம் இது. அவருடைய தோழிகள் இங்கேதான் இருக்கிறார்கள்.

70 வயது ஆனவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் ஆயுஷ்மான் திட்டத்தில் தனி அட்டை தருகிறார்கள். வருமானம் எவ்வளவு என்று பார்ப்பது இல்லை. ஆதார் இருந்தால் பதியலாம். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். வீட்டில் ஆள் வைத்துப் பார்க்கும் செலவு இதில் வராது. முதியவர்களுக்கு உதவி எண் ஒன்றும் இருக்கிறது: 14567. கட்டணம் இல்லை. பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் சட்டமும் சொல்கிறது.

ஆச்சியின் நோட்டு

ஆச்சி வீட்டில் என்ன ஆயிற்று?

முதல் வாரம் எல்லோரும் தூக்கிவிட்டார்கள். ஆச்சி இன்னும் தளர்ந்தார். பிறகு பிசியோதெரபிக்காரர் சொன்னபடி செய்யத் தொடங்கினார்கள். பேத்தி ஒரு நோட்டில் தினமும் எழுதினாள்.

“திங்கள்: நாற்காலியில் இருந்து 3 முறை எழுந்தாள் ஆச்சி.”

“வியாழன்: வாசல் வரை நடந்தாள். ஒரு முட்டை சாப்பிட்டாள்.”

“ஞாயிறு: பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசினாள்.”

மருமகள் சும்மா உட்கார்ந்திருந்த ஆச்சியின் மடியில் பூண்டை வைத்தார். “அத்தை, இதை உரிச்சுக் குடுங்க” என்றார். பார்த்தவர்கள் “நோயாளிக்கு வேலையா?” என்று கேட்டார்கள். ஆச்சி சொன்னார், “குடு தாயி, கையாவது ஓடட்டும்.”

ஆறு வாரம் ஆயிற்று. ஒரு நாள் விடியற்காலை. ஆச்சி கம்பை எடுத்தார். பேத்தி பின்னால் வந்தாள். இருவரும் சந்தின் கடைசி வரை போய்த் திரும்பினார்கள்.

பழைய பலம் முழுவதும் வரவில்லை. ஆச்சி இனி இரும்பு ஏணியில் ஏற முடியாது. பால் வாங்க மகன்தான் போகிறார். ஆனால் ஆச்சி தானே குளிக்கிறார். தானே உடுத்துகிறார். மருமகள் ஒரு வீட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். இன்னொரு வீடு தேடுகிறார்.

முதல் நாளே தொடங்கியிருந்தால் இன்னும் பலம் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் வீட்டு முதியவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்தை நினைப்பது போல நடையையும் நினையுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. ஆச்சியின் நோய் தீர்ந்தது. பிறகும் அவரால் ஏன் நடக்க முடியவில்லை?

2. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் தினமும் கேட்க வேண்டிய கேள்விகள் எவை?

3. உங்கள் வீட்டில் இருந்து கழிப்பறை வரை நடந்து பாருங்கள். வயதானவர் எங்கே தடுக்கி விழக்கூடும்? அதை எப்படிச் சரி செய்யலாம்?

4. உங்கள் வீட்டு முதியவர் தானாகச் செய்யும் வேலைகளை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள்.